செயற்கைப் பூவுக்கு வாசம் ஏற்றுவது எப்படி? முழுமையான வழிகாட்டி

மார்கழி பிறந்துவிட்டால் மல்லிகை விலையைக் கையில் பிடிக்க முடியாது. பனியில் மொட்டு வரத்து குறையும். தை முகூர்த்தங்களோ வரிசை கட்டி நிற்கும். அந்த நாட்களில் வடசென்னையின் எம்.கே.பி. நகர், வியாசர்பாடி, மூலக்கடை பக்கத்து ஃபேன்ஸி ஸ்டோர்களில் துணி மல்லிச்சரம் நன்றாகவே விற்கிறது. வாடாது, உதிராது, வருடக் கணக்கில் வரும். குறை ஒன்றுதான்: மணக்காது.

வெளிநாட்டில் இருக்கும் நம்மவர்களுக்கும் துணிச்சரம் தேவைப்படுகிறது. 2025 செப்டம்பரில் நடிகை நவ்யா நாயர் மல்லிகைச் சரத்தோடு மெல்பர்ன் விமான நிலையத்தில் இறங்கி, ஒரு லட்சம் ரூபாய்க்கு மேல் அபராதம் கட்ட நேர்ந்தது நினைவிருக்கும். நிஜப் பூவை எல்லை தாண்டிக் கொண்டுபோக முடியாத ஊர்களில் துணிச்சரம்தான் துணை.

மணக்காத அந்தக் குறையை வீட்டிலேயே சரிசெய்யலாம். பெரிய கருவி எதுவும் வேண்டாம், முதலீடும் ஆயிரம் ரூபாய்க்குள்தான். வாருங்கள், முதலிலிருந்து தொடங்குவோம்.

முதலில் புரிந்துகொள்ள வேண்டியது

மல்லி மொட்டு பறித்த பிறகும் உயிரோடுதான் இருக்கிறது. சாயங்காலம் விரிந்து, இரவு முழுக்கத் தன் மணத்தைத் தானே தயாரித்து வெளியே விடுகிறது. செயற்கைப் பூவுக்கு அந்த வேலை தெரியாது. நாம் கொடுத்ததை மட்டும்தான் அது திருப்பித் தரும்.

ஆகவே மணம் தங்குவதற்கு ஓர் இடம் வேண்டும். பிளாஸ்டிக் இதழில் செண்ட் அடித்தால் மேலாகவே நின்று கொஞ்ச நேரத்தில் பறந்துவிடும். பாலியஸ்டர் துணியும் அதிகம் உறிஞ்சாது. பஞ்சு, பருத்தி நூல், காகிதம், நெட்டி, சுடுமண் ஆகியவை நன்றாக உறிஞ்சி, மெல்ல மெல்ல வெளியே விடும். புதியவர்கள் பூவின் மேல் செண்டை அடித்துப் பார்த்து, ஒரே நாளில் மணம் போய்விட்டதே என்று சலித்துக்கொள்கிறார்கள். வாசத்தைப் பூவுக்கு உள்ளேயும் பின்னேயும் ஒளித்து வைப்பதுதான் இந்த வேலையின் சூட்சுமம்.

எந்தப் பூ எடுக்கலாம்?

தலையில் வைக்க என்றால் துணி மல்லிச்சரம். பருத்தி நூலில் கட்டியதாகப் பார்த்து வாங்குவோம், அந்த நூலே வாசத்தைப் பிடித்துக்கொள்ளும். ஜாடியில் வைக்க துணி ரோஜா, தாமரை போதும். பிளாஸ்டிக் பூ மட்டும்தான் வீட்டில் இருக்கிறது என்றாலும் கவலை வேண்டாம், அதற்கும் கீழே வழி இருக்கிறது.

மாலைகளில் ஒரு விஷயத்தைக் கவனிக்க வேண்டும். சில மாலைகளின் உருண்டைக்குள் தெர்மகோல் இருக்கும். ஆரஞ்சு, எலுமிச்சை எண்ணெயில் உள்ள லிமோனின் என்ற பொருள் தெர்மகோலைக் கரைத்துவிடும். சொட்டு விட்ட இடம் நம் கண் முன்னாலேயே குழிந்து உள்ளே போகும்.

என்னைக் கேட்டால், வாசம் ஏற்றுவதற்கென்றே அமைந்த பொருள் நெட்டி. சதுப்பு நிலத்திலும் குளத்திலும் வளரும் செடியின் தண்டு அது. மேல்தோலைச் சீவிவிட்டால் உள்ளே தந்தம் போன்ற வெண்மையில் லேசான சோறு. தஞ்சாவூர்ச் சிற்பிகள் அதில் பெரிய கோயிலையே செதுக்கிக் கண்ணாடிப் பெட்டிக்குள் வைக்கிறார்கள். தஞ்சாவூர் நெட்டி வேலைப்பாட்டுக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது. திருவாரூர் பக்கம் மாட்டுப் பொங்கலுக்கு மாடுகளின் கழுத்தில் நெட்டி மாலை போடுவார்கள். நெட்டியை மெல்லிய தாளாகச் சீவி இதழ் இதழாகச் சுற்றினால் ரோஜா, தாமரை எல்லாம் வரும். உள்ளே முழுக்கக் காற்றறைகள் என்பதால், எண்ணெயில் திரி வைத்தால் கீழிருந்து மேல்வரை தானாக இழுத்துக்கொள்ளும். வெளிநாடுகளில் அறைக்கு வாசனை தரும் புட்டிகளின் மேல் செருகி விற்கும் வெள்ளைப் பூக்கள் பெரும்பாலும் இந்த இனச் செடியில் செய்தவைதான். கிடைத்தால் விடாதீர்கள்.

எந்த வாசம்?

கடையில் மூன்று வகை கிடைக்கும். இயற்கை எண்ணெய், அத்தர், காம்பவுண்ட்.

அசல் மல்லிகைச் சாறு நம் பட்ஜெட்டுக்கு எட்டாது. ஒரு கிலோ எடுக்கப் பல நூறு கிலோ பூ வேண்டும். அத்தர் நல்லதுதான், நின்று மணக்கும், ஆனால் அசல் அத்தரும் விலை கூடியது. நமக்குச் சரியானது காம்பவுண்ட். மல்லிகையின் மணத்தைக் கொடுக்கும் பென்ஸைல் அசிடேட், லினலூல் போன்ற பொருட்களைச் சேர்த்துச் செய்த கலவை அது. நல்ல மல்லிக் காம்பவுண்டில் இண்டோல் என்ற பொருளும் துளியூண்டு இருக்கும். ராத்திரி மல்லிக்கு இருக்கும் அந்தக் கனத்த, கிறங்கவைக்கும் வாசம் அதனால் வருவது. அது இல்லாத மல்லிக் காம்பவுண்ட் வெறும் இனிப்பாக, சோப்பு போல நிற்கும்.

புட்டியை மூக்கில் வைத்து முகர்ந்து முடிவுசெய்யக் கூடாது. ஒரு காகிதத் துண்டின் நுனியை நனைத்துப் பத்து நிமிடம் கழித்து முகருவோம். அதே துண்டை மறுநாள் காலையிலும் முகருவோம். மறுநாளும் பிடித்திருந்தால் மட்டும் வாங்கலாம். மல்லியோடு கொஞ்சம் சந்தனக் காம்பவுண்ட் சேர்த்தால் இன்னும் நாள் நிற்கும். பத்துக்கு இரண்டு பங்கு போதும்.

எங்கே வாங்குவது?

பாரிமுனைக்கு பஸ் ஏறிவிடுவோம். நைனியப்ப நாயக்கன் தெருவில் கெமிக்கல் கடைகள் வரிசையாக இருக்கின்றன. ஃபேன்ஸி சாமான், செயற்கைப் பூ எல்லாம் ஈவினிங் பஜார் சுற்றுவட்டாரத்தில் மொத்த விலைக்குக் கிடைக்கும்.

கடையில் ‘மல்லி எசன்ஸ்’ என்று மட்டும் கேட்டால் கையில் வருவதைக் கொடுத்துவிடுவார்கள். காம்பவுண்டில் ஃபினாயிலுக்கு ஒன்று, ஊதுபத்திக்கு ஒன்று, சோப்புக்கு ஒன்று, உடம்பில் பூசும் செண்டுக்கு ஒன்று என்று தனித்தனியாக உண்டு. ஃபினாயில் காம்பவுண்ட் மலிவு, ஆனால் தலைவலி தரும். ‘உடம்புக்குப் போடுற செண்டுக்கான காம்பவுண்ட், ஸ்பிரிட்டில் கரையணும்’ என்று தெளிவாகக் கேளுங்கள். இஃப்ரா சான்றிதழ் இருக்கிறதா என்றும் கேட்கலாம். வாசனைப் பொருட்களின் பாதுகாப்புக்காக உலக அளவில் பின்பற்றும் அளவுகோல் அது.

கூடவே ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் வாங்குவோம். கடையில் ஐ.பி.ஏ. என்றால் புரியும். மருந்துக்கடையில் கிருமி நீக்கத்துக்கு விற்கும் 70 சதவீத ரகம் உதவாது. அதில் தண்ணீர் கலந்திருப்பதால் காம்பவுண்ட் கரையாமல் பால் போலத் திரிந்து நிற்கும். 99 சதவீதம் வேண்டும். வாசம் சீக்கிரம் பறக்காமல் பிடித்துவைக்க டி.பி.ஜி. என்ற திரவம் 100 மில்லி.

எப்படிச் செய்வது?

எந்த முறையானாலும் முதல் வேலை சுத்தம். புதுப் பூவில் பசை வாடையும் பிளாஸ்டிக் வாடையும் இருக்கும். பழைய பூவில் தூசி. நம் பக்கத்துக் கடல் காற்றின் ஈரத்தில் அந்தத் தூசி ஒட்டிக்கொண்டு போகாது. வெதுவெதுப்பான தண்ணீரில் ஒரு சொட்டு ஷாம்பு விட்டு அலசி, நிழலில் இரண்டு நாள் தொங்கவிடுவோம். நெட்டிப் பூவையும் காகிதப் பூவையும் மட்டும் நனைக்காமல் பிரஷ்ஷால் தட்டிவிட்டால் போதும்.

டப்பா முறை: தலையில் வைக்கும் சரத்துக்கு நான் சிபாரிசு செய்வது இதுதான். மூடி இறுக்கமான எவர்சில்வர் டப்பா ஒன்று எடுப்போம். அடியில் பஞ்சு வைத்து அதில் ஐந்தாறு சொட்டு காம்பவுண்ட் விடுவோம். அதன் மேல் ஒரு சின்ன வடிகட்டியைக் கவிழ்த்து, சரம் பஞ்சில் படாதபடி மேலே சுருட்டி வைப்போம். மூடி இரண்டு நாள் அப்படியே விட்டுவிடலாம். திரவம் பூவில் படாததால் கறை இல்லை, சாயம் போகாது, கழுத்தில் எண்ணெய் ஒட்டாது. உத்தரப் பிரதேசத்தில் எள்ளையும் மல்லியையும் அடுக்கடுக்காகப் பரப்பி, எள்ளில் வாசம் ஏறிய பிறகு செக்கில் ஆட்டி மணமுள்ள எண்ணெய் எடுக்கும் பழைய வழக்கம் உண்டு. நாம் செய்வதும் அதே வித்தைதான். விசேஷம் முடிந்ததும் சரத்தைத் திரும்ப அதே டப்பாவில் போட்டுவிட்டால் அடுத்த முறைக்குத் தயார்.

ஸ்ப்ரே முறை: ஜாடிப் பூவுக்கும் வாசல் தோரணத்துக்கும் இது. 10 மில்லி காம்பவுண்ட், 20 மில்லி டி.பி.ஜி., 70 மில்லி ஐ.பி.ஏ. இதே வரிசையில் கண்ணாடிப் புட்டியில் ஊற்றிக் குலுக்கி, ஒரு நாள் இருட்டில் வைப்போம். அளக்க ஊசி இல்லாத சிரிஞ்ச் வசதி. அடிக்கும் முன் ஒரே ஒரு பூவின் பின்பக்கம் ஒரு சொட்டு விட்டு, வெள்ளை டிஷ்யூவால் ஒற்றிப் பார்ப்போம். மலிவான சிவப்பு ரோஜாவில் ஐ.பி.ஏ. பட்டதும் சாயம் டிஷ்யூவில் ஏறிவிடும். அப்படிப்பட்ட பூவை டப்பா முறைக்கு விட்டுவிடுங்கள். சாயம் போகாவிட்டால் ஓர் அடி தள்ளிப் பிடித்து, இதழின் பின்பக்கமும் காம்பு சேரும் இடத்திலும் இரண்டு மூன்று முறை அடித்தால் போதும். மொட்டை மாடியிலோ ஜன்னல் ஓரத்திலோ வைத்து அடித்து, முழுக்கக் காய்ந்த பிறகே உள்ளே கொண்டுவருவோம்.

அகல் முறை: பிளாஸ்டிக் பூவுக்கு இதைவிட நல்ல வழி கிடையாது. எண்ணெய் ஊற்றாத புது அகல் விளக்கில் பத்து சொட்டு காம்பவுண்ட் விட்டால் மண் உறிஞ்சிக்கொள்ளும். பூத்தொட்டிக்குள் ஒரு பிளாஸ்டிக் மூடியை வைத்து, அதன் மேல் அகலை வைத்து, மேலே கூழாங்கல்லோ பாசியோ தூவி மறைத்துவிடுவோம். பார்ப்பவர்களுக்குப் பூவிலிருந்தே வாசம் வருவதாகத் தோன்றும். அகலுக்கு அடியில் மூடி கட்டாயம், இல்லாவிட்டால் காம்பவுண்ட் கசிந்து மேசை வார்னிஷைத் தின்றுவிடும்.

நெட்டிப் பூ கிடைத்தவர்கள் காம்பில் பருத்தித் திரி கட்டி, ஒரு பங்கு காம்பவுண்டும் நான்கு பங்கு டி.பி.ஜி.யும் கலந்த சின்னப் புட்டியில் செருகினால் வேலை முடிந்தது. இதில் ஐ.பி.ஏ. வேண்டாம்.

எவ்வளவு ஆகும்?

கடைக்குக் கடை மாறும். தோராயமாக, துணி மல்லிச்சரம் ஐந்துக்கு 300, காம்பவுண்ட் 50 மில்லிக்கு 150, ஐ.பி.ஏ. அரை லிட்டருக்கு 200, டி.பி.ஜி. 100 மில்லிக்கு 60, ஸ்ப்ரே புட்டியும் சிரிஞ்சும் 40. ஆக 750 ரூபாய் சுற்றி வரும். இந்தக் கணக்கில் 100 மில்லி ஸ்ப்ரேக்கு அடக்கம் 70 ரூபாய். ஒரு பூங்கொத்துக்கு மூன்று மில்லி அடித்தால் இரண்டு ரூபாயைச் சுற்றித்தான் ஆகிறது. முதல் தடவை பெரிய புட்டியாக வாங்க வேண்டாம். பிடித்த வாசம் எது என்று தெரிந்த பிறகு வாங்கிக்கொள்ளலாம்.

எத்தனை நாள் நிற்கும்?

சரத்தில் ஒரு மாலைப் பொழுது நன்றாக மணக்கும். ஸ்ப்ரே அடித்த ஜாடிப் பூ சில நாட்கள், அகல் சில வாரங்கள். சித்திரை வெயிலில் எல்லாமே சீக்கிரம் பறக்கும், ஃபேனுக்கு நேர் கீழே வைத்தால் இன்னும் சீக்கிரம். ஒன்று சொல்ல வேண்டும்: ஒரே வாசத்தில் இருந்தால் நம் மூக்குக்குப் பழகிவிடும். மணம் போய்விட்டது என்று நாமே முடிவுகட்டி மேலும் மேலும் ஊற்றக் கூடாது. வெளியிலிருந்து வருபவரைக் கேட்டுவிட்டு ஊற்றுவோம்.

கவனம்

ஐ.பி.ஏ. சுமார் 12 டிகிரி செல்சியஸிலேயே தீப்பற்றும் ஆவியை விடும். நம் வீட்டில் எந்த நாளும் அதைவிடச் சூடுதான். அடுப்பு, விளக்கு, ஊதுபத்தி எரியும்போது ஸ்ப்ரேயைத் தொடாதீர்கள். சாமி படத்துக்குப் போடும் செயற்கை மாலைக்கு வாசம் ஏற்றவே வேண்டாம். பக்கத்தில் தீபம் எரிகிறது, துணியும் பிளாஸ்டிக்கும் நொடியில் பற்றும்.

தலையில் வைப்பதற்கு முன் சரத்தை முழங்கையின் உட்பக்கம் கட்டி ஒரு நாள் பார்ப்போம். அரித்தால், சிவந்தால் அந்தக் காம்பவுண்டை விட்டுவிட வேண்டும். பட்டுப் புடவையில் காம்பவுண்ட் சொட்டினால் கறை போகாது. வீசிங், ஆஸ்துமா உள்ளவர்கள், கைக்குழந்தை, பூனை இருக்கும் அறையில் இவை எதுவும் வேண்டாம்.

சமையலறையிலும் வைக்காதீர்கள். சிலிண்டர் கசிந்தால் தெரியட்டும் என்றுதான் கேஸில் நாற்றத்தைச் சேர்க்கிறார்கள், அதை மல்லி வாசம் மறைத்துவிடக் கூடாது. நம் வட்டாரத்துக்கு இன்னொன்றும் சொல்ல வேண்டும். கொடுங்கையூர் குப்பைமேட்டுக் காற்று வீசும் நாளில் கொஞ்சம் கூடுதலாக அடித்துவிடலாம் என்று தோன்றும். கெட்ட காற்றை வாசம் சுத்தம் செய்யாது, மூக்கைத்தான் ஏமாற்றும். 2023 டிசம்பரில் எண்ணூர் பெரியகுப்பம் பக்கம் அமோனியா கசிந்தபோது அந்த நெடிதான் மக்களை நள்ளிரவில் வீட்டைவிட்டு வெளியே ஓடவைத்தது. வடசென்னையில் இருக்கும் நமக்கு மூக்கு ஒரு காவல்காரன். அதை மழுங்கடிக்கும் அளவுக்கு எந்த அறையிலும் வாசம் வேண்டாம்.

விற்க நினைத்தால்

முதலில் வீட்டிலும் பக்கத்து வீடுகளிலும் கொடுத்துப் பார்ப்போம். தை, ஆவணி முகூர்த்த நாட்களில் டப்பாவோடு சேர்த்துக் கொடுத்தால் எடுபடும். என்ன வாசம், எப்படி மறுபடி ஏற்றுவது, தீயருகே வைக்கக் கூடாது என்ற மூன்றையும் ஒரு சீட்டில் எழுதி உள்ளே வையுங்கள். சிறுதொழிலுக்கான உத்யம் பதிவு இணையத்தில் இலவசம், இடைத்தரகருக்குப் பணம் கொடுக்கத் தேவையில்லை.

இந்த ஞாயிற்றுக்கிழமையே ஒரு முழம் துணி மல்லி, ஒரு டப்பா, கொஞ்சம் பஞ்சு, ஐந்தாறு சொட்டு காம்பவுண்ட் எடுத்து டப்பா முறையை மட்டும் செய்து பாருங்கள். செவ்வாய்க்கிழமை மூடியைத் திறந்ததும், ஸ்ப்ரேக்கான சாமான் வாங்கலாமா வேண்டாமா என்பதை நீங்களே முடிவுசெய்துகொள்வீர்கள்.