சர்வர் ஏன் கண்ணில் படவில்லை?

அண்ணன் தன் கம்ப்யூட்டரில் மைன்கிராஃப்ட் ஜாவா பதிப்பை 'லேன்'-இல் திறந்தாச்சு. நம்ம பட்டியலில் மட்டும் காணோம்! உடனே கேபிளைப் பிடுங்காதீங்க.

திறந்த கம்ப்யூட்டர் "நான் இங்கே இருக்கேன்" என்று 224.0.2.60 என்ற குழு முகவரிக்கு, 4445 போர்ட்டில் விடாமல் கூவிக்கொண்டே இருக்கும். அது நம் காதில் விழுந்தால்தான் பட்டியலில் பெயர் வரும்.

நான் முதலில் பார்ப்பது ஐ.பி. முகவரி. கமாண்ட் பிராம்ப்ட்டில் 'ஐபிகான்ஃபிக்' அடிங்க. ஒன்று 192.168.1.5, இன்னொன்று 192.168.0.7, மாஸ்க் 255.255.255.0 என்றால் இரண்டும் வேற வேற தெரு! கூவல் தெரு தாண்டாது. வீட்டில் ரெண்டு ரவுட்டர் இருந்தால் இப்படி ஆகும். கெஸ்ட் வைஃபையும் பல இடங்களில் ஒருவரையொருவர் பார்க்க விடாது.

முகவரி சரியா? அப்போ சர்வர் திரையில் வந்த போர்ட் எண்ணைக் கேட்டு, 'டைரக்ட் கனெக்ஷன்'-இல் முகவரி, முக்காற்புள்ளி, எண் என நேராக அடிங்க. சேர்ந்துட்டா சர்வர் நல்லாத்தான் இருக்கு, கூவல்தான் வழியில் தொலைஞ்சிருக்கு. சேரலேன்னா பெரும்பாலும் ஃபயர்வால்.

(பிங் பதில் வரலைன்னு மட்டும் முடிவு கட்டாதீங்க. விண்டோஸ் ஃபயர்வால் பிங்கையே தடுக்கும்.)

சிலர் ஃபயர்வாலை மொத்தமா அணைக்கச் சொல்வாங்க. வேண்டவே வேண்டாம்! அப்பாவின் கணக்கு, அக்காவின் புராஜெக்ட் எல்லாம் அதே கம்ப்யூட்டரில்தானே இருக்கு? வீட்டில் கேட்டுட்டு, ஜாவாவுக்கு மட்டும், 'பிரைவேட்' நெட்வொர்க்கில் மட்டும் அனுமதி கொடுங்க. போதும்.