கரிந்த தரவையைத் தேடும் விதம்

அன்புள்ள மருமகள் துளசிக்கு,

கனகராயன்குளத்தில் போன ஆவணியில் தரவை எரிந்தது என்றும், நாசாவின் தீ வரைபடத்தில் அந்த நாளுக்கு ஒரு சிவப்புப் புள்ளிகூட இல்லை என்றும் எழுதியிருந்தாய். "செய்மதிக்குத் தெரியாமல் போகுமா மாமா?" என்று கேட்டாய். போகும். புல்லுத் தீ என்றால் அடிக்கடி போகும்.

அந்தப் புள்ளிகளில் பெரும்பாலானவற்றைத் தருவது விர்ஸ் என்ற கருவி. அது சூட்டைப் பார்க்கிறது. அதன் ஒரு கட்டம் 375 மீற்றர்ச் சதுரம், கிட்டத்தட்ட 35 ஏக்கர். அதற்குள் சிறிய தீ எரிந்தாலும் சூடு காட்டிக்கொடுத்துவிடும். ஆனால் அது நம் தலைக்கு மேல் வருவது பகல் ஒன்றரையை ஒட்டியும் இரவு ஒன்றரையை ஒட்டியும்தான். சோழகக் காற்றில் பின்னேரம் நாலு மணிக்குப் பற்றிய புல், பொழுதுபட முன்னமே எரிந்து அடங்கிவிடும். கட்டைபோலக் கிடந்து கனலாது. இன்னொன்று, புள்ளி விழுந்த இடமெல்லாம் தரவைத் தீ என்று எண்ணிவிடாதே. வயலில் வைக்கோலை எரித்தாலும், சேனைக்குப் பற்றையை எரித்தாலும் அதே சிவப்புத்தான்.

சூடு தவறினால் கரியைத் தேடலாம். ஐரோப்பாவின் சென்டினல்-2 செய்மதிகள் ஐந்து நாளுக்கு ஒருமுறை படமெடுக்கின்றன. யாரும் இலவசமாகப் பார்க்கலாம். 2015இலிருந்து படங்கள் உண்டு. குற்றலை அகச்சிவப்பில் அதன் கட்டம் 20 மீற்றர், ஏறக்குறைய ஒன்றரைப் பரப்புக் காணி. தீக்கு முந்திய படத்தையும் பிந்திய படத்தையும் பக்கத்தில் வைத்துப் பார். காய்ந்த புல் வெளிறித் தெரியும். கரிந்த இடம் கறுத்து நிற்கும். முகில் நிழலும் வற்றிய குளத்தின் ஈரச் சேறும் அப்படியே கறுக்கும் என்பதால்தான் இரண்டு படம் வேண்டும். காட்டுத் தீக்கென்று வகுத்த கணக்குகள் புல்லில் அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை. பச்சை மரம் கருகும்போது தெரியும் வித்தியாசம், முன்னமே காய்ந்துபோன புல்லில் இல்லை. காலமும் குறைவு. சாம்பலைக் காற்றுக் கொண்டுபோகும். ஒரு மழை பெய்தால் தளிர் வந்து தடத்தை மூடிவிடும்.

சிறு தீக்களை விட்டுவிட்டால் கணக்கு எவ்வளவு பிசகும்? 2016இல் ஆபிரிக்காவில், சஹாராவுக்குத் தெற்கே எரிந்த நிலத்தை சென்டினல்-2 படங்களால் அளந்தபோது, மொடிஸ் என்ற பழைய செய்மதிக் கருவியின் கணக்கைவிட ஏறக்குறைய 80 சதவீதம் கூடுதலாக வந்தது. நம் ஊவா மலைகளின் பத்தனைப் புல்வெளிகளும் வருடாவருடம் வறட்சியில் எரிகின்றன. அங்கே கரியைத் தேடும்போது மலைச்சரிவின் நிழலையும் சேர்த்து யோசிக்கவேண்டும்.

படம் சொல்லாததை மாடு மேய்ப்பவர்களிடம் கேள். எப்போது, எந்தக் கரையில் பிடித்தது, இளம்புல்லுக்காக யாரும் வைத்ததா என்று அவர்களுக்குத் தெரியும். சாம்பல் ஆறிய பிறகு, கரிந்த ஓரத்தை நடந்து தொலைபேசியில் இடம் குறித்துக்கொள். கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகை உள்ள பக்கம் மட்டும் எக்காரணம் கொண்டும் போகாதே.

வருகிற சோழகத்தில் எங்காவது புல் எரிந்தால் திகதியையும், பிடித்த நேரத்தையும், அணைந்த நேரத்தையும் எழுதி அனுப்பு. அந்தக் கிழமைப் படங்களை நான் எடுத்து வைக்கிறேன். இரண்டு பேருமாக இருந்து பார்ப்போம்.

அன்புடன்,
மாமா