பிறர் ஹக்கைப் பேணுவோம்!
(இளைஞர்களுக்கான பாடம்)

 

"ஹக்கு" என்பது நம் வீடுகளில் நாள்தோறும் புழங்கும் சொல். சொத்தில் ஹக்கு, பெற்றோரின் ஹக்கு, மனைவியின் ஹக்கு என்றெல்லாம் பேசுகிறோம். மார்க்க அறிஞர்கள் இதனை இரண்டாக வகுத்துள்ளனர். தொழுகை, நோன்பு போன்று அல்லாஹ்வுக்கு நாம் செலுத்த வேண்டியவை ஹுகூகுல்லாஹ். அவனுடைய அடியார்களுக்கு நாம் செலுத்த வேண்டியவை ஹுகூகுல் இபாத். தன் ஹக்கில் குறை வைத்தவனை அல்லாஹ் நாடினால் மன்னிப்பான். அடியானின் ஹக்கைப் பறித்தவனோ, அந்த அடியானிடமே கணக்குத் தீர்த்தாக வேண்டும். உலகம் "மனித உரிமை" என்று அழைக்கும் பொருளை நம் மத்ரஸாக்கள் இந்தப் பெயரில்தான் கற்பித்து வந்தன.

ஆனால் நம் இளைஞரிடம், "இந்த அடியார்கள் யார்?" என்று கேட்டுப் பாருங்கள். "முஸ்லிம்கள்" என்று பலர் விடை சொல்வர். இங்கேதான் பாடம் தொடங்க வேண்டும். உடன்படிக்கை செய்துகொண்டு வாழும் மாற்று மதத்தவருக்கு அநீதி இழைப்பவனுக்கு எதிராக மறுமையில் தாமே வழக்காடப் போவதாக நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் எச்சரித்துள்ளார்கள். இந்த ஹதீஸ் அபூதாவூதில் இடம்பெற்றுள்ளது. எவருடைய ஷபாஅத்தை நம்பி வாழ்கிறோமோ, அவர்களே நமக்கு எதிர்வாதியாக நிற்பார்கள் என்றால், இது அற்ப விஷயமா?

நம் ஊர் கண்ட நிகழ்ச்சி

வெகு தூரம் போக வேண்டியதில்லை. நம் புதுச்சேரியின் வரலாற்றையே புரட்டுவோம். 1748ஆம் ஆண்டு. பிரெஞ்சு கவர்னர் துய்ப்ளேக்சின் ஆட்சி. ஆங்கிலேயப் படை நகரை முற்றுகையிட்டிருந்த நேரம். அந்த நெருக்கடியில், சம்பா கோயில் என்று மக்கள் அழைக்கும் மாதா கோயிலின் அருகே இருந்த வேதபுரீசுவரர் கோயில் கவர்னரின் உத்தரவால் இடிக்கப்பட்டது. அதனை அகற்ற வேண்டுமென்று சேசு சபைப் பாதிரிமார் பல்லாண்டுகளாகவே வற்புறுத்தி வந்தனர். கவர்னரின் துபாஷாக இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை இவற்றையெல்லாம் தம் தமிழ் நாட்குறிப்பில் வேதனையோடு எழுதி வைத்திருக்கிறார். அவர் பெயரால் வழங்கும் ரங்கப் பிள்ளை வீதியில் நாம் அன்றாடம் நடமாடுகிறோம்.

அதே நாட்குறிப்பில் நம்மைப் பற்றிய செய்தியும் ஒன்று உண்டு. ஒரு பள்ளிவாசலையும் இடிக்கும் எண்ணம் அப்போது எழுந்ததாம். சிப்பாய்களின் தலைவர் அப்துர் ரஹ்மான் கவர்னரிடம் சென்று, பள்ளிவாசலில் கை வைத்தால் சிப்பாய்களில் ஒருவரும் நிற்க மாட்டார்கள் என்று கண்டிப்பாகச் சொன்னாராம். அந்த எண்ணம் கைவிடப்பட்டது.

இதைக் கேட்கும் இளைஞன் மகிழ்கிறான். மகிழட்டும், அல்லாஹ்வின் இல்லத்துக்காகக் குரல் கொடுத்தது நல்ல காரியமே. ஆயினும் அவனைச் சற்றே சிந்திக்கவும் வைக்க வேண்டும். கோயில் ஏன் இடிந்தது? பள்ளிவாசல் ஏன் நின்றது? முற்றுகைக் காலத்தில் கவர்னருக்குச் சிப்பாய்கள் தேவைப்பட்டனர். நியாயம் பார்த்து அவர் நிறுத்தவில்லை. ஆயுதம் ஏந்தியவனின் வணக்கத்தலம் தப்பியது. ஆயுதம் இல்லாதவனின் வணக்கத்தலம் வீழ்ந்தது. பலத்தால் மட்டுமே காக்கப்படுவது உரிமையாகாது. நம்மைவிடப் பலசாலி வரும் நாளில் அது பறிபோய்விடும். பலமில்லாதவனுக்கும் கிடைப்பதே ஹக்கு.

திருமறை காட்டும் வழி

ஸூரத்துல் ஹஜ்ஜின் 40ஆம் வசனத்தைச் சிந்தியுங்கள். மனிதர்களில் சிலரைச் சிலரைக் கொண்டு அல்லாஹ் தடுக்காவிட்டால் இடிக்கப்பட்டுவிடும் என அங்கே சொல்லப்படுபவை எவை? துறவிகளின் மடங்கள், கிறிஸ்தவ ஆலயங்கள், யூதர்களின் ஆலயங்கள், பிறகு அல்லாஹ்வின் பெயர் அதிகம் நினைவுகூரப்படும் மஸ்ஜிதுகள். நம்முடையது இறுதியில் வருகிறது! பிறருடைய தலத்தின் பாதுகாப்பையும் நம்முடையதன் பாதுகாப்பையும் ஒரே வசனத்தில் இறைவன் சேர்த்துச் சொல்லிவிட்டான்.

"அது வேதக்காரர்களுக்குத்தானே, கோயில்களுக்குப் பொருந்துமா?" என்று சிலர் வினவலாம். நெருப்பை வணங்கிய மஜூஸிகளையும் நபி (ஸல்) அவர்கள் உடன்படிக்கைக்குள் ஏற்றார்கள். இது புகாரியில் உள்ள செய்தி. கி.பி. 712 வாக்கில் சிந்துவுக்கு வந்த முஹம்மத் பின் காஸிம், அர்ரூர் நகர மக்களின் கோயிலைக் கிறிஸ்தவ, யூத ஆலயங்களுக்கும் மஜூஸிகளின் நெருப்பாலயங்களுக்கும் சமமாகக் கருதி விட்டுவைத்தார் என்று பலாதுரீ எழுதுகிறார். இந்திய மண்ணில் அன்றே விடை சொல்லப்பட்டுவிட்டது.

ஜெரூசலம் வசமான பின் உமர் (ரலி) அவர்கள் அங்கே சென்ற வரலாறும் தெரிந்ததே. பேராலயத்தில் இருக்கையில் தொழுகை நேரம் வந்தது. அங்கேயே தொழுமாறு பாதிரியார் வேண்டியும், கலீஃபா அவர்கள் வெளியே வந்து தொழுதார்கள் என வரலாற்றாசிரியர்கள் எழுதுகின்றனர். "உமர் தொழுத இடம்" என்று காரணம் காட்டிப் பிற்கால முஸ்லிம்கள் அதனை எடுத்துக்கொள்ளக் கூடாது என்பதே அவர்களின் அச்சம். பலம் முழுவதும் கையில் இருந்த வேளையில், தம் சொந்தச் சமுதாயத்திடமிருந்து பிறர் ஆலயத்தைக் காத்தார்கள் உமர் (ரலி)! 1748இல் துய்ப்ளேக்சிடம் இல்லாமற்போன நீதி இதுவே.

"அவர்கள் இடித்தார்களே?"

1992 டிசம்பர் 6 அன்று அயோத்தியில் பாபரி மஸ்ஜித் இடிக்கப்பட்டதை நம் பிள்ளைகள் அறிவார்கள். அவர்களில் ஒருவன் நம்மிடம் கேட்கிறான்: "அவர்கள் இடித்தார்களே, நாம் மட்டும் ஏன் பேண வேண்டும்?" இந்தக் கேள்வியை அதட்டி அடக்கிவிடக் கூடாது. அதில் உண்மையான வலி இருக்கிறது.

விடை ஸூரத்துல் மாயிதாவின் 8ஆம் வசனத்தில் உள்ளது. ஒரு கூட்டத்தார் மீதுள்ள வெறுப்பு நம்மை நீதி தவறச் செய்துவிடக் கூடாது. நீதியே தக்வாவுக்கு நெருக்கமானது என்கிறான் இறைவன். வெறுப்பே வரக்கூடாது என்று இவ்வசனம் சொல்லவில்லை. மனித உள்ளத்தைப் படைத்தவன் அதனை அறிவான். வெறுப்பு வந்தபோதும் தராசு சாயக்கூடாது என்பதே கட்டளை. மேலும், இடித்தவன் வேறு, அடுத்த வீட்டுக்காரர் வேறு. ஒருவரின் பாவச்சுமையை மற்றொருவர் சுமக்க மாட்டார் (6:164). எந்தக் காலத்து அரசர்களின் செயலுக்கோ நம்மிடம் பதில் கேட்கப்படும்போது நாம் எவ்வளவு நோகிறோம்! அப்படியிருக்க, ஒரு கும்பலின் செயலுக்கு நம் தெருவின் இந்துச் சகோதரரிடமோ, 1748க்கு இன்றைய மிஷன் வீதிக் கிறிஸ்தவரிடமோ பதில் கேட்பது எப்படி நியாயமாகும்?

தன் இனத்தவன் என்பதற்காகக் குற்றவாளிக்குப் பரிந்து பேசுவதும் இதே நோய்தான். ஸூரத்துந் நிஸாவின் 105ஆம் வசனம் முதலானவை இறங்கிய காரணத்தைத் தஃப்ஸீர் ஆசிரியர்கள் பலர் விளக்குகின்றனர். முஸ்லிம் என்று பெயர் கொண்ட துஃமா ஒரு கவசத்தைத் திருடி, பழியை ஒரு யூதர் மீது போட்டான். அவனுடைய குடும்பத்தார் திரண்டு வந்து அவனுக்காக வாதாடினர். வஹீ இறங்கியது, குற்றமற்ற யூதர் விடுவிக்கப்பட்டார். நிரபராதியான ஒரு யூதருக்காக வானிலிருந்து வந்த வசனங்களை நாம் இன்றும் தொழுகையில் ஓதுகிறோம்!

நாட்டின் சட்டமும் நம் வாக்குறுதியும்

புதுச்சேரிக் கோயில் இடிந்து சரியாக 200 ஆண்டுகள் கழித்து, அதே பிரான்சின் தலைநகர் பாரிசில், 1948 டிசம்பர் 10 அன்று ஐக்கிய நாடுகள் சபை மனித உரிமைப் பேரறிவிப்பை நிறைவேற்றியது. அதன் 18ஆம் பிரிவு மனச்சாட்சிக்கும் மதத்துக்கும் உரிய சுதந்திரத்தைப் பேசுகிறது. 26ஆம் பிரிவோ, மதக் குழுக்களிடையே புரிந்துணர்வையும் சகிப்புத்தன்மையையும் நட்பையும் கல்வி வளர்க்க வேண்டும் என்கிறது. முதற்பிரிவின் நகலில் ஆண்பாலைக் குறித்த சொல்லை மாற்றி, மனிதப் பிறவிகள் அனைவரும் என்று வரச்செய்தவர் இந்தியாவின் ஹன்சா மேத்தா. இதை நம் பெண்மக்களும் அறிய வேண்டும்.

1950 ஜனவரி 26 அன்று நடைமுறைக்கு வந்த நம் அரசியல் சட்டம் 25ஆம் பிரிவில் மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அனைவருக்கும் உரிமை தருகிறது. 1954 நவம்பர் 1 அன்று புதுச்சேரியின் நிர்வாகம் இந்தியாவின் கைக்கு மாறியது. 1962 ஆகஸ்ட் 16 அன்று சட்டப்படி இணைப்பு நிறைவுற்றது. இந்தச் சட்டத்தின் நிழலில்தான் நம் பாங்கோசை ஒலிக்கிறது. இது நமக்கும் பிற மக்களுக்கும் இடையிலான உடன்படிக்கை. வாக்குறுதியை நிறைவேற்றுமாறு அல்லாஹ் கட்டளையிட்டிருக்கிறான். அது பற்றி விசாரணை உண்டு (17:34). 25ஆம் பிரிவை நமக்காக மட்டும் எடுத்துக்காட்டுவது உடன்படிக்கையில் பாதியை மறைப்பதாகும்.

எல்லையையும் கற்பிப்போம்

சகிப்புத்தன்மை என்றவுடன், "எல்லா வணக்கமும் ஒன்றே என்று சொல்லச் சொல்கிறீர்களா?" எனச் சிலர் அஞ்சுகின்றனர். இல்லை. தவ்ஹீதில் விட்டுக்கொடுப்பதற்கு இடமே கிடையாது. உங்கள் மார்க்கம் உங்களுக்கு, என் மார்க்கம் எனக்கு என்ற கருத்தில் முடியும் ஸூரத்துல் காஃபிரூன் நம் சிறுவர்களுக்கும் மனப்பாடம். கூட்டாளி பிரசாதம் நீட்டினால் நம் பிள்ளை உண்ண வேண்டியதில்லை. ஆனால் முகத்தைச் சுளிக்காமல், "எங்கள் மார்க்கத்தில் இதற்கு அனுமதியில்லை, தப்பாக எண்ணாதே" என்று அன்போடு சொல்லப் பழக வேண்டும். மறுப்பது மார்க்கம், இகழ்வது மார்க்கமன்று. பிறர் வணங்குபவற்றை ஏசாதீர்கள் என்பது திருமறையின் தடை (6:108).

பெற்றோர் செய்ய வேண்டியவை

மதுரையிலுள்ள மக்கள் கண்காணிப்பகம் 1997ஆம் ஆண்டிலிருந்து பள்ளிகளில் மனித உரிமைக் கல்வியைக் கொண்டு சென்றது. நல்ல முயற்சி. என்றாலும் பள்ளியில் கற்றதை வீட்டுத் திண்ணை அழித்துவிடக் கூடும். எனவே பெற்றோர் கவனிக்க வேண்டியவை சில:

1. பிற மதத்தவரையோ சாதியாரையோ இழிவாகச் சுட்டும் சொற்களை வீட்டிலிருந்து நீக்குங்கள். அத்தாவின் வாயில் கேட்டதையே மகன் கடைத்தெருவில் பேசுவான்.

2. கைப்பேசியில் வரும் செய்தியைத் தீர விசாரிக்காமல் பிறருக்கு அனுப்பக் கூடாது. தீயவன் கொண்டுவரும் செய்தியை ஆராயுமாறு 49:6 வசனம் கட்டளையிடுகிறது. ஒரு பொய்ச் செய்தியால் ஒரு தெருவே எரியலாம்.

3. அண்டை வீட்டாரின் உரிமையை நடைமுறையில் காட்டுங்கள். வீட்டில் ஆடு அறுக்கப்பட்டபோது, "நம் யூத அண்டை வீட்டாருக்குக் கொடுத்தீர்களா?" என்று அப்துல்லாஹ் பின் அம்ர் (ரலி) அவர்கள் திரும்பத் திரும்பக் கேட்டார்கள் (திர்மிதீ). ரமளானில் நோன்புக் கஞ்சியை அடுத்த வீட்டுக்குக் கொடுக்க மகனையே அனுப்புங்கள். அவர்கள் வீட்டில் மரணம் நேர்ந்தால் முதலில் போய் நில்லுங்கள். யூதர் ஒருவரின் ஜனாஸாவுக்காக எழுந்து நின்ற நபி (ஸல்) அவர்கள், அதுவும் ஓர் உயிரல்லவா என்ற கருத்தில் வினவியது புகாரியில் உள்ளது.

4. உரிமைப் பாடத்தை நம் வீட்டிலேயே தொடங்குங்கள். மகளின் சம்மதத்தைக் கேளாமல் நிக்காஹ் பேசிவிட்டு, மஹர் கொடுக்க வேண்டியவன் கைக்கூலி வாங்கிவிட்டு, சகோதரியின் பங்கை விழுங்கிவிட்டு, "எங்கள் உரிமை" என்று வீதியில் முழங்கினால், நம் பிள்ளைகளே நம்பமாட்டார்கள்.

பிள்ளைகளிடம் கேளுங்கள்

இப்பாடத்தைப் படித்த பின், இரவு உணவுக்குப் பிறகு பிள்ளைகளிடம் மூன்று கேள்விகள் கேளுங்கள். உமர் (ரலி) அவர்கள் ஏன் வெளியே வந்து தொழுதார்கள்? நம் கட்சிக்காரன் தவறு செய்து, அயலான் நிரபராதியாக இருந்தால் நீ யாருக்குச் சாட்சி சொல்வாய்? நம் தெருவில் எவருடைய ஹக்கு நம்மிடம் பாக்கியிருக்கிறது? முதற்கேள்விக்கு நாவும், இரண்டாவதற்கு நெஞ்சும் விடை சொல்லும். மூன்றாவதற்கு விடையாக, மறுநாள் காலையில் அந்த வீட்டுக் கதவைத் தட்ட வேண்டியிருக்கும்.

வல்ல அல்லாஹ் நம்மையும் நம் சந்ததியரையும் நீதியில் நிலைத்து நிற்பவர்களாக ஆக்குவானாக! ஆமீன்.