எழுத்து ஏறாத பிள்ளை

கல்லாவில் நின்று மீதிச் சில்லறையை நொடியில் சொல்லும் பையன், பாடப் புத்தகத்தை எடுத்ததும் தடுமாறுகிறான். உடனே மக்கு என்றும் சோம்பேறி என்றும் ஏசிப் பிரம்பைத் தூக்குகிறோம்.

இது டிஸ்லெக்சியாவாக இருக்கலாம். கண்ணில் பழுதில்லை, அறிவிலும் குறைவில்லை. எழுத்தை ஒலியோடு சேர்ப்பதில்தான் சிரமம். 1896-இல் பிரிங்கிள் மார்கன் என்ற ஆங்கில வைத்தியர், தன் பெயரையே பிழையாய் எழுதிய 14 வயதுச் சிறுவனைப் பற்றி எழுதினார். கணக்கு அவனுக்கு எளிது. எல்லாப் பாடங்களையும் வாய்மொழியாக நடத்தினால் பள்ளியிலேயே கெட்டிக்காரன் இவன்தான் என்றாராம் வாத்தியார்.

காஸ்வேக்கு அப்பால், சிங்கப்பூரின் முதற்பிரதமர் லீ குவான் யூவுக்கும் (1923–2015) இது லேசாக இருந்தது. அதற்காக இப்பிள்ளைகள் எல்லோரும் மேதைகள் என்பதும் தப்பெண்ணமே. ஒலி ஒலியாகப் பிரித்துப் பொறுமையுடன் கற்பித்தால் வாசிப்பு வரும். படிப்பை நிறுத்திக் கடையில் உட்கார்த்துமுன், பரிசோதனைக்கு ஏற்பாடு செய்யும்படி ஆசிரியரிடம் கேளுங்கள்.