20 நொடி வகுப்பு

எடையற்ற நிலையில் ஆய்வு செய்யப் பறக்கப்போகும் ஆசிரியர், பெட்டி கட்டுவதற்கு முன் ஒரு கணக்கைப் போட்டுப் பார்க்க வேண்டும். விமானம் ஏறத்தாழ 45 டிகிரி சாய்வில் மேலேறும். உந்துவிசையைக் குறைத்ததும், எறிந்த கல் போல வளைந்து இறங்கும். அந்த வளைவில் மிதக்கக் கிடைப்பது 20 முதல் 25 நொடி. பிறகு விமானம் மூக்கைத் தூக்கும்போது உடல் ஏறக்குறைய இரண்டு மடங்கு கனக்கும். ஹூஸ்டன் எல்லிங்டன் ஃபீல்டிலிருந்து நாசா தன் சி-9 விமானத்தில் ஆசிரியர்களை அழைத்துச் சென்ற நாட்களில், ஒரு பயணத்துக்கு வழக்கமாக 30 வளைவுகள். எல்லாம் சேர்த்தால் பத்து நிமிடத்துக்குச் சற்று மேல். அவ்வளவுதான் உங்கள் ஆய்வுக்கூட நேரம்.

ஆகவே சோதனையை அந்த 20 நொடிக்குள் அடங்கும்படி தரையிலேயே செதுக்குங்கள். தராசு வேலை செய்யாத இடத்தில் நிறையை எப்படி அளப்பது? பிள்ளைகள் கேட்கிற அருமையான கேள்வி இது. சுருள்வில்லில் பொருளைப் பொருத்தி ஆடவிட்டால், நிறை கூடக்கூட ஆட்டம் மெதுவாகும். ஸ்கைலேப் விண்வெளி நிலையத்தில் வீரர்களின் உடல்நிறையை இப்படித்தான் அளந்தார்கள். ஓர் ஆட்டத்துக்கு ஒரு நொடி என்றால் பத்தை நிதானமாக எண்ணலாம். மூன்று நொடி எடுக்கும் வில்லைக் கொண்டுபோனால், பத்தை எண்ணி முடிப்பதற்குள் வளைவு முடிந்துவிடும். வில்லை மாற்றுவதென்றால் வகுப்பறையிலேயே மாற்றிவிடுங்கள்.

ஒரு மாணவியிடம் ஸ்டாப்வாட்சைக் கொடுத்து, 20 நொடி ஒத்திகையைக் கை தானாகச் செய்யும்வரை பாருங்கள். பேனா மூடியைக்கூட நூலால் கட்டிவையுங்கள். மிதக்கும் மூடி பார்க்க அழகுதான். கனம் திரும்பியதும் அது யார் முகத்தில் விழும் என்று சொல்ல முடியாது. கேமராவைச் சட்டத்தில் இறுகப் பொருத்தி, முதல் வளைவுக்கு முன்பே ஓடவிடுங்கள். இடையில் நிறுத்தவே வேண்டாம்.

பாதுகாப்புக் குழு உங்கள் கருவியைத் துருவித் துருவிக் கேட்கும்: கூர்முனை உண்டா, தண்ணீர் கசியுமா, பேட்டரி எங்கே? கேட்பது உங்களைக் காக்கத்தான், மறைக்காமல் சொல்லுங்கள்.

குமட்டலுக்குக் கூச்சப்படாதீர்கள். இந்த விமானங்களுக்கு ‘வாமிட் காமெட்’ என்றே பட்டப்பெயர். நன்றாகத் தூங்குங்கள், வெறும் வயிற்றில் போகாதீர்கள், மருந்தை மருத்துவர் சொன்னபடி எடுங்கள். உடல் கனக்கும் நேரத்தில் தலையைத் திருப்பாமல் ஒரே புள்ளியைப் பாருங்கள். உங்களால் முடியாமல் போனால் பக்கத்தில் இருப்பவர் தொடர வேண்டும். ஒவ்வொரு படியையும் அவருக்குப் புரியும்படி எழுதிக் கொடுங்கள். ஒருவர் தயாரித்ததை மற்றவர் தொடர்ந்ததும் உண்டு. ஆசிரியை கிறிஸ்டா மெக்காலிஃப் 1986-இல் சேலஞ்சர் விண்கல விபத்தில் மறைந்தார். அவர் விண்வெளியில் நடத்த இருந்த பாடங்களில் சிலவற்றை, 2018-இல் ஜோ அகாபாவும் ரிக்கி ஆர்னால்டும் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் செய்து காட்டினார்கள். இருவரும் முன்பு பள்ளி ஆசிரியர்கள். மெக்காலிஃபின் தயாரிப்பு அவர்களுக்கு உதவியது.

‘மேலே ஈர்ப்பு இல்லை’ என்று மட்டும் பிள்ளைகளிடம் சொல்லிவிடாதீர்கள். 10 கிலோமீட்டர் உயரத்தில் ஈர்ப்பு 0.3 விழுக்காடுதான் குறைகிறது. விமானமும் நீங்களும் சேர்ந்தே விழுகிறீர்கள், அதனால்தான் மிதக்கிறீர்கள். புறப்படும் முன் ஒவ்வொரு பிள்ளையும் சோதனை முடிவு பற்றிய தன் ஊகத்தை எழுதி உறையில் போட்டு ஒட்டட்டும். திரும்பி வந்ததும், சொதப்பிய வளைவுகளையும் வெட்டாமல் முழுப் படத்தையும் ஓட்டிக் காட்டி, உறைகளை அவர்களையே பிரிக்கச் சொல்லுங்கள்.