பகல் பராமரிப்பு நிலையமொன்றைத் தெரிவு செய்தல்

க.பொ.த. (சாதாரண தரம்) – மனைப்பொருளியல்
பிள்ளைப் பராமரிப்பு



இப்பகுதியிலிருந்து வினா வந்தால் "காற்றோட்டம், வெளிச்சம், சுத்தம்" என்று மூன்று சொற்களை எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குப் போகும் பழக்கம் நம்மில் பலரிடம் உண்டு. அவை பிழையல்ல. ஆனால் அந்த மூன்றும் ஒரு கோழிப் பண்ணைக்கும் பொருந்தும். ஒரு பிள்ளையை ஒப்படைக்கும் இடத்தில் அவற்றுக்கு மேலாக என்ன இருக்க வேண்டும் என்று காரணத்துடன் எழுதினால்தான் முழுப் புள்ளி கிடைக்கும்.

முதலில் ஒன்றை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். பத்து மாதப் பிள்ளைக்குப் பகலில் நடந்ததை மாலையில் தாயிடம் சொல்லத் தெரியாது. பசித்ததா, விழுந்ததா, அழுதபோது யாராவது தூக்கினார்களா என்று அது முறையிடப் போவதில்லை. ஆகவே பிள்ளையால் சொல்ல முடியாதவற்றைப் பெற்றோர் முன்கூட்டியே பார்த்தும் கேட்டும் அறிந்துகொள்ள வேண்டும். இப்பாடத்தின் சாரம் இதுவே.

1. பகல் பராமரிப்பு நிலையம் என்றால் என்ன?

பெற்றோர் வேலைக்குச் சென்றிருக்கும் பகல் நேரத்தில், சிறு பிள்ளைகளுக்கு உணவு, உறக்கம், சுத்தம், விளையாட்டு, அன்பு, பாதுகாப்பு என்பவற்றை வழங்கி, மாலையில் மீண்டும் பெற்றோரிடம் ஒப்படைக்கும் இடமே பகல் பராமரிப்பு நிலையமாகும்.

இதனை வேறு இரண்டுடன் குழப்ப வேண்டாம். முன்பள்ளி என்பது ஏறத்தாழ 3 முதல் 5 வயது வரையான பிள்ளைகள் சில மணித்தியாலங்கள் சென்று வரும் இடம். சிறுவர் இல்லம் என்பது பெற்றோரின் பராமரிப்பு கிடைக்காத பிள்ளைகள் தங்கி வாழும் இடம்.

மலையகத் தோட்டங்களில் "பிள்ளைக்காம்பரா" என்று அழைக்கப்படுவதும் பகல் பராமரிப்பு நிலையமே. கொழுந்து பறிக்கச் செல்லும் தாய்மார் காலையில் பிள்ளையை விட்டு, இடைவேளையில் வந்து பாலூட்டிச் செல்வர். இன்று இவை சிறுவர் அபிவிருத்தி நிலையங்கள் எனப்படுகின்றன.

2. இதன் தேவை ஏன் எழுகின்றது?

• கூட்டுக் குடும்பம் குறைந்து தனிக் குடும்பம் பெருகியமை. அம்மம்மா, அப்பம்மா எல்லா வீட்டிலும் இல்லை.

• தாய், தந்தை இருவரும் தொழில் செய்தல்.

• பிரசவ விடுமுறை போதாமை. தனியார் துறைத் தாய்மாருக்கு 84 நாள் விடுமுறை உண்டு. மூன்றாவது பிள்ளையிலிருந்து 42 நாளே என்றிருந்த நிலை 2018ஆம் ஆண்டுச் சட்டத் திருத்தத்தால் நீங்கியது. ஆயினும் முதல் 6 மாதம் தாய்ப்பால் மட்டுமே கொடுக்க வேண்டும். அந்த 6 மாதம் நிறையும் முன்னரே தாய் வேலைக்குத் திரும்ப நேரிடுகின்றது.

• மூத்த பிள்ளைகளின் கல்வி. தம்பி தங்கையைப் பார்க்க ஆளில்லை என்று பாடசாலைக்கு வராமல் நிற்பவர் பெரும்பாலும் அக்காதான். எமது வகுப்புகளிலும் இதைக் கண்டிருக்கிறோம். நல்ல பராமரிப்பு நிலையம் ஒரு வீட்டில் இரண்டு பிள்ளைகளைக் காப்பாற்றும்.

இலங்கை 1991இல் ஏற்றுக்கொண்ட சிறுவர் உரிமைகள் சமவாயத்தின் 18ஆம் உறுப்புரை, தொழில் செய்யும் பெற்றோரின் பிள்ளைகளுக்குப் பராமரிப்புச் சேவையைப் பெறும் உரிமை உண்டு என்கிறது. 3ஆம் உறுப்புரையோ, அத்தகைய நிலையங்கள் பாதுகாப்பு, சுகாதாரம், ஊழியரின் எண்ணிக்கை, தகைமை, மேற்பார்வை என்பவற்றில் உரிய தரத்தில் இருக்க வேண்டும் என்கிறது.

3. கவனிக்க வேண்டியவை

அ. பராமரிப்பாளர்
பயிற்சி, அனுபவம், நன்னடத்தை ஆகியவற்றை விசாரிக்க வேண்டும். முதலுதவி தெரிந்த ஒருவராவது எந்நேரமும் இருக்க வேண்டும். அழும் பிள்ளையிடம் அவர் எப்படிப் பேசுகிறார் என்பதை நின்று பாருங்கள். சான்றிதழில் இது தெரியாது. அடிக்கடி ஆள் மாறும் நிலையத்தில் பிள்ளை யாரிடமும் ஒட்டாது.

ஆ. எண்ணிக்கை
ஒருவர் எத்தனை பிள்ளைகளைப் பார்க்கிறார் என்பது மிக முக்கியம். இங்கிலாந்தில் 2 வயதுக்குட்பட்ட 3 பிள்ளைகளுக்கு ஒருவர் இருக்க வேண்டும் என்பது விதி. காரணம் எளிது. ஒரு பிள்ளைக்கு நப்கின் மாற்றும்போது மற்றப் பிள்ளைகளையும் அவர் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

இ. இடத்தின் பாதுகாப்பு
• கிணற்றுக்குக் கட்டும் மூடியும் உண்டா? வாளியிலுள்ள சிறிதளவு நீரிலும் குழந்தை மூழ்கலாம்.
• கேற்று பூட்டப்படுகிறதா? மின்செருகித் துவாரங்கள் மூடப்பட்டுள்ளனவா?
• மண்ணெண்ணெய், கிருமிநாசினி என்பவை சோடாப் போத்தலில் ஊற்றி வைக்கப்பட்டுள்ளனவா? பிள்ளை அதனைக் குளிர்பானம் என்றே நினைக்கும்.
• வளவில் பொன்னலரி போன்ற நச்சுச் செடிகள் உண்டா?
• கச்சான், றம்புட்டான் விதை, சிறு பற்றரி போன்றவை பிள்ளையின் கைக்கு எட்டுமா? இவை தொண்டையில் சிக்கும்.

ஈ. சுகாதாரமும் உணவும்
நப்கின் மாற்றிய பின்னரும் உணவூட்டும் முன்னரும் சவர்க்காரமிட்டுக் கைகழுவ வேண்டும். தாய் கறந்து கொடுக்கும் பாலை வைக்கக் குளிர்சாதனப் பெட்டி வேண்டும். நுளம்பு பெருகும் நீர் தேங்கியிருக்கக் கூடாது. குழந்தையை மல்லாந்து படுக்க வைக்க வேண்டும். பிள்ளையின் தடுப்பூசி விபரங்களை நிலையம் கேட்டுப் பதிவது நல்ல அடையாளம். பெற்றோரின் எழுத்து அனுமதியின்றி மருந்து கொடுத்தல் தவறு. தூங்க வைப்பதற்காகச் சளிப் பாணி பருக்குவது பெருந்தவறு.

உ. பிள்ளையின் பகற்பொழுது
ஓடி விளையாட இடம், கதை, பாட்டு, பேச்சு, அமைதியான உறக்கம் என்பன வேண்டும். நாள் முழுவதும் தொலைக்காட்சி முன் இருத்தி வைப்பது பராமரிப்பு ஆகாது. 2 வயதுப் பிள்ளைக்கு எழுத்துக் கொப்பி தேவையில்லை.

ஊ. திறந்த கதவு
பெற்றோர் முன்னறிவித்தல் இன்றி எந்நேரமும் உள்ளே வரலாமா? "கேற்றடியில் நில்லுங்கள், நாங்கள் கொண்டுவந்து தருகிறோம்" என்னும் நிலையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும். அதேவேளை, பெற்றோர் பெயர் குறித்துக் கொடுத்தவரைத் தவிர வேறு எவரிடமும் பிள்ளையைக் கையளிக்கக் கூடாது.

4. தெரிவு செய்யும் படிமுறை

1) அயலவர், குடும்ப சுகாதார உத்தியோகத்தர், பிரதேச செயலகத்தின் சிறுவர் உரிமைகள் மேம்பாட்டு உத்தியோகத்தர் ஆகியோரிடம் விசாரித்தல்.
2) பதிவு செய்யப்பட்டுள்ளதா எனச் சான்றிதழைப் பார்த்தல்.
3) இரு தடவை செல்லுதல். ஒருமுறை சொல்லிவிட்டும், ஒருமுறை சொல்லாமல் மதிய உணவு நேரத்திலும்.
4) கட்டணம், நேரம், தூரம் ஆகியவற்றை ஒப்பிடுதல். ஒரு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் பாலூட்ட இடைவேளை பெறும் உரிமை தாய்க்குச் சட்டப்படி உண்டு. நிலையம் வேலைத்தளத்துக்கு அருகில் இருந்தாலே அது பயன்படும்.
5) முதல் சில நாட்கள் தாயும் உடனிருந்து, நேரத்தைப் படிப்படியாகக் கூட்டுதல்.

5. சேர்த்த பின்னர்

ஆரம்பத்தில் தாயைப் பிரியும்போது பிள்ளை அழுவது இயல்பு. எனினும் காரணம் கூறப்படாத காயம், ஒரு குறிப்பிட்ட ஆளைக் கண்டு நடுங்குதல், உறக்கத்தில் திடுக்கிட்டு அலறுதல், பழகிய பின்னர் திடீரெனப் போக மறுத்தல் என்பவற்றை "பிடிவாதம்" என்று ஒதுக்கக் கூடாது. துஷ்பிரயோகம் பற்றிய சந்தேகம் எழுந்தால், 1998ஆம் ஆண்டின் 50ஆம் இலக்கச் சட்டத்தால் நிறுவப்பட்ட தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபைக்கு 1929 என்ற இலக்கத்தில் அறிவிக்கலாம்.

6. மாதிரி வினா

ஆடைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் தாய் ஒருவர் தனது 9 மாதப் பிள்ளைக்கு நிலையம் தேடுகிறார். நிலையம் "க" புதிய கட்டடம், மாபிள் தரை, ஆங்கிலப் பாட்டு, 14 குழந்தைகளுக்கு இரு பராமரிப்பாளர், பெற்றோர் கேற்றடியில் நிற்க வேண்டும். நிலையம் "ங" பழைய வீடு, 6 குழந்தைகளுக்கு இரு பராமரிப்பாளர், கிணறு மூடப்பட்டுள்ளது, பெற்றோர் எந்நேரமும் வரலாம், ஆனால் கேற்றுக்குப் பூட்டு இல்லை. எதனைத் தெரிவு செய்வீர்? காரணம் தருக.

விடை: நிலையம் "ங". "க" நிலையத்தில் ஒருவர் 7 குழந்தைகளைப் பார்க்க, "ங" நிலையத்தில் ஒருவர் 3 குழந்தைகளையே பார்க்கிறார். எனவே கவனிப்பும் அரவணைப்பும் கூடுதலாகக் கிடைக்கும். பெற்றோர் வந்து பார்க்கக்கூடியதால் மேற்பார்வையும் உண்டு. 9 மாதப் பிள்ளைக்கு மாபிள் தரையையும் ஆங்கிலப் பாட்டையும் விட இவை அவசியமானவை. எனினும் கேற்றுக்குப் பூட்டுப் போட்ட பின்னரே பிள்ளையைச் சேர்க்க வேண்டும்.

கடைசி வசனத்தைக் கவனியுங்கள். குறையே இல்லாத நிலையம் கிடைப்பது அரிது. திருத்தக்கூடிய குறை எது, திருத்த முடியாத குறை எது என்று பிரித்தறிவதே இங்கு சோதிக்கப்படுகின்றது. பூட்டு ஒரே நாளில் வாங்கக்கூடியது. ஆனால் ஏழு பிள்ளைகளைத் தனியே பார்ப்பவருக்கு இன்னொரு சோடிக் கண்களை எங்கே வாங்குவது?

பயிற்சி: உங்கள் ஊரிலுள்ள பராமரிப்பு நிலையம் அல்லது பிள்ளைக்காம்பரா ஒன்றை மனதிற்கொண்டு, அங்கு கேட்க வேண்டிய ஐந்து கேள்விகளைக் காரணத்துடன் எழுதுக. எழுதியதை வீட்டில் அம்மாவிடமோ அக்காவிடமோ வாசித்துக் காட்டுங்கள். பரீட்சைக்கு முன்னரே அது யாருக்கேனும் உதவக்கூடும்.