நட்சத்திரமும் நன்னடத்தையும்

“பரிசு உண்டென்று சொல்லிப் பார், பிள்ளைகள் தானாக அடங்குவார்கள்” என்று அறிவுரை கூறாத பெரியவர் இல்லை. இக்கூற்றை உரசிப் பார்க்க ஏற்ற இடம் மாலை நேர வகுப்பே ஆகும். பகலெல்லாம் பள்ளியில் உட்கார்ந்து அலுத்த பிள்ளைகள் அங்கே மீண்டும் வந்து உட்கார வேண்டும். தேர்வும் கிடையாது, தலைமையாசிரியரும் கிடையாது.

தமிழ்நாட்டில் 2021 அக்டோபரில் தொடங்கப்பெற்ற ‘இல்லம் தேடிக் கல்வி’த் திட்டத்தில் நானும் தன்னார்வலராக இருந்தேன். மாலை 5 மணி முதல் 7 மணி வரை கோயில் திண்ணையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு வகுப்பு. இரண்டாம் வாரமே என் பொறுமை போயிற்று. ஓர் அட்டையில் எல்லோர் பெயரையும் எழுதினேன். கூச்சலிடாதவர்க்கும், வீட்டுப்பாடம் முடித்தவர்க்கும், சின்னவர்களுக்கு உதவியவர்க்கும் ஒரு நட்சத்திரம். பத்து சேர்ந்தால் ஒரு பென்சில். மறுநாளே திண்ணை அமைதியாயிற்று. ஓயாமல் ஓடித்திரிந்த ஒரு பையன் சம்மணமிட்டு வாய்ப்பாடு எழுதினான். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

நான்காம் வகுப்புச் சிறுமி ஒருத்தி, அட்டை வருவதற்கு முன்பே, யாரும் சொல்லாமல் முதல் வகுப்புப் பிள்ளைகளுக்கு எழுத்துக்கூட்டி வாசிக்கக் கற்றுத் தந்தவள். பென்சில்கள் தீர்ந்துபோன வாரத்தில் அவளிடம், “தம்பிக்குக் கொஞ்சம் சொல்லிக் கொடும்மா” என்றேன். “இன்னைக்கு ஸ்டார் உண்டா அக்கா?” என்று கேட்டாள். இல்லை என்றதும் நோட்டை எடுத்துக்கொண்டு தூணோரம் போய் உட்கார்ந்துவிட்டாள்.

அவள்மீது குற்றமில்லை என்பதைப் பின்னர் உளவியல் படித்தபோதுதான் உணர்ந்தேன். லெப்பர், கிரீன், நிஸ்பெட் என்னும் மூவர், அமெரிக்காவில் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழக மழலையர் பள்ளியில் செய்த ஆய்வை 1973இல் வெளியிட்டனர். படம் வரைவதில் இயல்பாகவே விருப்பமுள்ள 51 குழந்தைகளை எடுத்துக்கொண்டனர். ஒரு பிரிவினருக்கு, வரைந்தால் சான்றிதழ் உண்டென முன்னரே சொல்லிக் கொடுத்தனர். மற்றொரு பிரிவினருக்கு, சொல்லாமல் வரைந்தபின் கொடுத்தனர். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றுமில்லை. ஓரிரு வாரங்கள் கழித்து வண்ணப் பேனாக்களை மீண்டும் வகுப்பில் வைத்தபோது, சொல்லிப் பரிசு பெற்றவர்கள் ஏனையோரைப் போல் ஏறக்குறையப் பாதி நேரமே வரைந்தனர். விளையாட்டு வேலையாகிவிட்டது! எதிர்பாராமல் பெற்றவர்களின் விருப்பமோ குறையவில்லை.

அப்படியாயின் பரிசே கூடாதா? அந்தப் பையனுக்கு உட்காரும் விருப்பமே முதலில் இல்லை. இல்லாத ஒன்றைப் பரிசு கெடுத்துவிட முடியாது. 1969இல் பாரிஷ், சாண்டர்ஸ், உல்ஃப் ஆகியோர் நான்காம் வகுப்பொன்றை இரு அணிகளாகப் பிரித்து ஒரு விளையாட்டு நடத்தினர். இடம்விட்டு எழுந்தாலும் இடையே பேசினாலும் அணிக்கு ஒரு குறி. குறைந்த குறி பெற்ற அணிக்கு முதலில் உணவு வரிசையில் நிற்பது போன்ற சலுகைகள். இரு அணிகளும் கட்டுக்குள் நின்றால் இரண்டுமே வெல்லலாம் என்பதே இதில் எனக்குப் பிடித்த விதி. கூச்சல் வெகுவாகக் குறைந்தது. ஆனால் விளையாட்டை நிறுத்தியதும் திரும்பி வந்தது.

நானும் திண்ணையை இரண்டு அணியாக்கினேன். பென்சிலுக்குப் பதில் கடைசிப் பத்து நிமிடம் நொண்டி விளையாட்டு. அட்டையில் ‘உதவி’ என்றிருந்த கட்டத்தை மட்டும் அடித்துவிட்டேன்.

சிறுமி உடனே மாறிவிடவில்லை. ஒரு மாதத்திற்குப் பின் ஒருநாள் முதல் வகுப்புப் பையன் தன் புத்தகத்தை அவளிடம் நீட்டினான். அவள் என்னைத் திரும்பிப் பார்த்தாள். நான் கவனியாதவள்போல் கரும்பலகையைத் துடைத்துக்கொண்டிருந்தேன். சற்றுப் பொறுத்து, “அ... ம்... மா...” என்று இரண்டு குரல்கள் கேட்டன.